கெட்ட கனவு கண்டால் கெட்ட மனசா?

கேள்வி: எனக்கு வயது 36. சின்ன வயதிலிருந்தே மாதத்துக்கு ஒன்றிரண்டு கெட்ட கனவுகள் வரும். கடந்த எட்டு மாதமாக அது வாரத்துக்கு மூன்று, நான்கு என்று ஆகிவிட்டது. பெரும்பாலும் ஒரே கனவுதான். வீட்டுக்குள் வெள்ளம் ஏறுகிறது. அம்மா வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுவது நான்தான். விடியற்காலை நாலு மணிக்கு அலறி விழிப்பேன். அம்மா படுத்திருக்கும் அறைக்குப் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தால்தான் நெஞ்சு அடங்கும். அப்புறம் தூக்கம் வராது. இப்போது படுக்கவே பயந்து ஒரு மணி, இரண்டு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "உள்ளே இருப்பதுதான் கனவில் வரும்" என்கிறார் கணவர். எனக்குள் அப்படி ஒரு கெட்ட எண்ணம் இருக்கிறதா? பயந்த சுபாவம் என்பதால் வருகிறதா? இல்லை, மனநோயின் தொடக்கமா? ஒற்றைத் தலைவலிக்காகத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். மற்றபடி எந்த நோயும் இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு மாத்திரையைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க தினமும் எடுக்கச் சொல்லும் மருந்துகளில் புரோப்ரனலால் மிகவும் பழக்கமான ஒன்று. பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது; ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும்கூடக் கொடுப்போம். கொழுப்பில் கரையும் மருந்து என்பதால் மூளைக்குள் சுலபமாகப் போய்விடும். சிலருக்கு இதனால் கனவுகள் துல்லியமாகவும் பயங்கரமாகவும் வருவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. உங்கள் மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாதம் ஆரம்பித்தீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். எட்டு மாதத்தை ஒட்டி வருகிறது என்றால், அட்டையை எடுத்துக்கொண்டு அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலிக்கு மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்தை ஒரே நாளில் விட்டால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், புகைப்பழக்கத்தை விட உதவும் வரெனிக்ளின், பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகள் போன்றவையும் கனவுகளைக் கலைத்துப்போடும். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் மருந்தின் மனநலப் பக்கவிளைவுகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. கெட்ட கனவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மருந்தை ஆரம்பிக்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் இது நடக்கலாம். பல நாள் குடித்தவர் மதுவை விட்டாலோ, தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலோ சில நாட்கள் கனவுகள் கொட்டும். ஆழ்மனதைத் தோண்டுவதற்கு முன் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. இதைச் செய்யாமலேயே மாதக்கணக்கில் கனவுக்கு அர்த்தம் தேடுபவர்கள் நிறையப் பேர்.

சரி, மாத்திரை காரணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அல்லது அது பாதிக் காரணம் என்று வைத்துக்கொள்வோம். உங்களை உண்மையில் அரிப்பது மாத்திரை இல்லையே. தாழ்ப்பாளைப் போட்டது என் கை என்பதுதானே?

கனவு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தக் குற்ற உணர்ச்சி பாதி குறையும். 1953-ல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மேனும் தூக்கத்தில் ஒரு விசித்திரமான கட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக ஓடும். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இதை ரெம் உறக்கம் என்கிறோம். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். முன்னிரவில் சில நிமிடங்களோடு முடிந்துவிடும். விடியலை நெருங்க நெருங்க நீளும். உங்களுக்கு நாலு மணிக்கு விழிப்பு வருவது அதனால்தான். அந்தக் கட்டத்தில் மூளையின் உணர்ச்சி மையங்கள், குறிப்பாகப் பயத்தைக் கையாளும் அமிக்டலா, சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஆனால் "இது நடக்குமா, நான் இதைச் செய்வேனா" என்று நிதானமாகக் கேட்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அடங்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் மூளை கட்டுகிற கதையில் உங்கள் கை என்ன செய்தது என்பதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. கொடுங்கனவுகளில் திரும்பத் திரும்ப வரும் கருக்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: யாரோ தாக்குவது, துரத்துவது, வேண்டியவர்களோடு சண்டை, ஆபத்து வரும்போது கைகால் அசையாமல் நிற்பது, காப்பாற்ற வேண்டியவரைக் காப்பாற்ற முடியாமல் போவது. ஒரு வருடமாக ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு எந்தப் பயம் பெரிதாக இருக்கும்? "நான் எங்காவது தவறிவிடுவேனோ, என் கையாலேயே ஏதாவது ஆகிவிடுமோ" என்பதுதான். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பலர் என்னிடம் சொன்ன கனவுகளில் தவறு செய்பவர் அவரேதான். மருந்தை மாற்றிக் கொடுப்பார், சக்கர நாற்காலியைக் கைநழுவ விடுவார், பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிடுவார். அம்மாவைக் கைவிட ஆசைப்படுகிறவருக்கு நாலு மணிக்கு எழுந்து மூச்சைப் பார்க்கத் தோன்றாது.

ஆனாலும் உங்கள் மனதில் அலுப்பே கிடையாது என்று சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் இரவும் பகலும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டால் "இது எப்போது முடியும்" என்று எப்போதாவது தோன்றத்தான் செய்யும். தோன்றாதவர்கள் குறைவு, வெளியே சொல்லாதவர்கள் அதிகம். அது களைப்பின் குரல். அதைக் கேட்டுக் கூசிப்போக வேண்டாம். யாரிடம் உதவி கேட்கலாம் என்று யோசியுங்கள்.

கணவர் சொன்னதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. கனவு என்பது மறைத்துவைத்த ஆசையின் நிறைவேற்றம் என்று சொன்னவர் சிக்மண்ட் ஃபிராய்ட். முதல் உலகப்போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் குண்டு வெடித்த அதே நொடியை இரவுதோறும் கனவில் கண்டு அலறியபோது, இதில் என்ன ஆசை நிறைவேறுகிறது என்ற கேள்விக்கு அவராலேயே சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. 1920-ல், இந்தக் கனவுகள் தன் விதிக்குள் அடங்கவில்லை என்று எழுதினார். ஆகவே "உள்ளே இருப்பதுதான் கனவில் வரும்" என்றால், பயமும் கவலையும் பொறுப்பும்கூட உள்ளே இருப்பவைதான் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, சுபாவம். சின்ன வயதிலிருந்தே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. எர்னஸ்ட் ஹார்ட்மன் என்ற மனநல மருத்துவர் வாழ்நாள் முழுவதும் அடிக்கடி கொடுங்கனவு கண்டுவருபவர்களை பாஸ்டனில் தேடிப்பிடித்து ஆராய்ந்தார். 1984-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மிகவும் பயந்தவர்களாக, கோபக்காரர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் அவர் கண்ட பொதுத்தன்மை வேறு. அவர்களில் பலர் கலைநாட்டம் உள்ளவர்கள், சீக்கிரம் மனம் திறப்பவர்கள், மற்றவர் வலியைத் தன் வலியாக எடுத்துக்கொள்பவர்கள். வெளிச்சம், சத்தம், ஒருவர் முகம் சுளிப்பது எல்லாமே அவர்களை உடனே தொட்டுவிடும். மனதின் எல்லைகள் மெல்லியதாக இருப்பவர்கள் என்று அவர்களை அழைத்தார். பகலுக்கும் இரவுக்கும், தனக்கும் பிறருக்கும் நடுவே மற்றவர்களுக்கு இருக்கிற தடுப்பு இவர்களுக்கு அவ்வளவு தடிமனாக இல்லை. இது ஒரு நோய் இல்லை. கதை எழுதவும், குழந்தையோடு பேசவும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் இதே குணம்தான் கைகொடுக்கும்.

எளிதில் கலங்கும் சுபாவத்துக்கும் கொடுங்கனவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தத் தொடர்பு சாதாரணமாக நினைப்பதைவிடச் சிறியது. 2007-ல் ராஸ் லெவின், டோரே நீல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பிரித்துச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, இப்போது உங்கள் மேல் ஏறியிருக்கும் உணர்ச்சிச் சுமை. இன்னொன்று, சுமை வரும்போது நீங்கள் எவ்வளவு தீவிரமாக வேதனைப்படும் ஆள் என்பது. முதலாவது மாதத்துக்கு மாதம் மாறும். இரண்டாவது ஏறக்குறைய பிறவிக் குணம். ஒரே வெயிலில்தான் எல்லோரும் நடக்கிறார்கள், சிலர் தோல் மட்டும் சீக்கிரம் கன்றிப்போகிறது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாக மாதம் ஒன்றிரண்டு என்று வந்துகொண்டிருந்தது சுபாவத்தின் பங்கு. எட்டு மாதத்தில் சுபாவம் மாறிவிடாது. மாறியது சுமை, அல்லது மாத்திரை, அல்லது இரண்டும்.

மனநோயின் தொடக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதாவது கெட்ட கனவு காணாதவர் கிடையாது. வாரம் ஒருமுறையாவது காண்பவர்கள் பெரியவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேர் இருப்பார்கள். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாருக்கும் நோய் என்று முத்திரை குத்த முடியாது. கனவு எத்தனை முறை வருகிறது என்பதும், அந்தக் கனவு உங்களை எவ்வளவு வதைக்கிறது என்பதும் தனித்தனி விஷயங்கள். மாதத்துக்கு ஒரே ஒரு கனவு வந்து வாரம் முழுக்க நடுங்குபவரும் உண்டு. வாரம் மூன்று வந்தும் காலையில் சிரித்துக்கொண்டே கதை சொல்பவரும் உண்டு. மனநலத்தோடு நெருக்கமாகப் பின்னிக்கொள்வது அந்த வதைதான். ஆகவே நான் நோயாளியிடம் கனவில் என்ன வந்தது என்பதைவிட, விழித்த பிறகு என்ன நடந்தது என்றுதான் அதிகம் கேட்பேன். திரும்பத் தூங்க முடிந்ததா? பகலில் அந்தக் காட்சி குறுக்கே வருகிறதா? வேலையில் கவனம் போகிறதா? படுக்கையைப் பார்த்தாலே பயமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு நீங்கள் ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டீர்கள். வெள்ளம், தாழ்ப்பாள் எல்லாவற்றையும்விட உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கும் வரிதான். தூங்கப் பயந்து விழித்திருந்தால் தூக்கம் குறையும். இழந்த ரெம் உறக்கத்தை ஈடுகட்ட மூளை அடுத்தடுத்த இரவுகளில் முயலும். கனவுகள் இன்னும் அடர்த்தியாக வரும். களைத்த மூளை பகலில் சின்ன விஷயத்துக்கும் அதிகமாகப் பதறும், அந்தப் பதற்றம் மறுபடி இரவுக்குப் போகும். மனச்சோர்வும் பதற்ற நோயும் கொடுங்கனவைக் கூட்டும் என்பது பழைய செய்தி. தூக்கம் கெடுவதே அந்த நோய்களுக்கு வழிவிடும் என்பதையும் இப்போது தெளிவாக அறிவோம். கனவு நோயின் வால் மட்டும்தான், நோயைச் சரிசெய்தால் அதுவாகப் போய்விடும் என்று விட்டுவிடுவது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கு நேரடியாகவே சிகிச்சை செய்யலாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிக்கடி கொடுங்கனவு காண்பவர்களிடம் தற்கொலை அபாயம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2001-ல் வெளியான பின்லாந்து ஆய்வு முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து இதைக் கண்டது. கனவு கண்டால் அங்கே கொண்டுபோய் விடும் என்று அர்த்தம் இல்லை. மிகப் பெரும்பாலானோருக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆனால் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி அது, நானும் கேட்கிறேன். வாழ்க்கையே வேண்டாம், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் விழித்திருக்கும்போது வருகிறதா? வருகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, இன்றே கணவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நடந்த கொடுமை ஒன்று அப்படியே கனவில் திரும்பத் திரும்ப ஓடினால், விபத்து, வன்முறை, பாலியல் தாக்குதல் எதுவானாலும், அதற்கு வேறு வகைக் கவனிப்பு தேவை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. தூங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி எழுந்து காலையில் எதுவுமே ஞாபகம் இல்லை என்றால் அது வேறு பிரச்சினை, குழந்தைகளிடம் அதிகம். கனவில் சண்டை போட்டு நிஜமாகவே பக்கத்தில் படுத்திருப்பவரை உதைக்கும் முதியவர்களை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும், சிலருக்கு அது பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாக இருக்கும். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் பரிசோதிக்க வேண்டும். உங்களுக்கு இவை எதுவும் பொருந்தவில்லை.

இனி சிகிச்சை. மனதில் படத்தை மாற்றி ஒத்திகை பார்ப்பது என்று ஒரு முறை உண்டு. பாரி கிராக்கோவ் என்ற மருத்துவரின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொடுங்கனவால் அவதிப்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்து 2001-ல் வெளியிட்டது. கனவுகள் குறைந்தன, தூக்கம் சீரானது. கேட்கும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். நானே சொல்லிக்கொடுக்கும்போது நோயாளியின் முகத்தில் அந்த அவநம்பிக்கையைப் பார்ப்பேன். உங்கள் கனவை வைத்தே செய்து காட்டுகிறேன்.

பகல் நேரத்தில் செய்யுங்கள், படுக்கைக்குப் போகும் முன் வேண்டாம். ஒரு தாளில் கனவை நிகழ்காலத்தில் எழுதுங்கள்: "தண்ணீர் ஏறுகிறது. அம்மா கதவைத் தட்டுகிறார்." தாழ்ப்பாளில் கை படும் இடம் வரும்போது நிறுத்துங்கள். இங்கிருந்து கதையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். நல்ல முடிவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வேறு முடிவாக இருந்தால் போதும். கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லாமல் போகலாம். தண்ணீர் கணுக்காலோடு நின்றுவிடலாம். அம்மா பக்கவாதத்துக்கு முன்பிருந்த நடையோடு சன்னல் வழியாக ஏறிக் குதித்து, "எத்தனை நேரமா தட்டுறேன்" என்று உங்களைத் திட்டலாம். எந்த மாற்றத்தை நினைத்ததும் தோள் கொஞ்சம் தளர்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கதையை முழுதாக எழுதுங்கள். பழையதைக் கிழித்துப் போட்டுவிடலாம். பிறகு தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி, புதுக் கதையை மட்டும் படம் பார்ப்பதுபோல் ஓட்டுங்கள். தண்ணீரின் குளிர்ச்சி, அம்மாவின் குரல், கதவின் நிறம் எல்லாம் இருக்கட்டும். அந்தக் கனவு நேராகத் தொட முடியாத அளவுக்குக் கனமாக இருந்தால், முதலில் வேறொரு சின்னக் கெட்ட கனவை வைத்துப் பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

புதுக் கதை அப்படியே கனவில் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சிலருக்கு வரும். பலருக்குப் பழைய கனவு தேய்ந்து, கதை நடுவிலேயே அறுந்து, அப்புறம் வராமலே போய்விடும். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

மாத்திரை இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிரசோசின் என்ற மருந்தை, பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் கொடுங்கனவுக்குப் பல வருடங்களாகக் கொடுத்து வருகிறோம். சிறிய ஆய்வுகளில் நன்றாக வேலை செய்தது. முன்னாள் போர்வீரர்களிடம் நடத்தி 2018-ல் வெளியான பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. இன்றும் சிலருக்குப் பயன்படுகிறது. உங்களுக்கு அது முதல் வழி அல்ல.

நாலு மணி விஷயத்துக்கு வருவோம். அம்மாவின் மூச்சைப் பார்ப்பது உங்களுக்கு உடனே நிம்மதி தருகிறது. அதனாலேயே அடுத்த முறையும் பார்க்கத் தோன்றுகிறது. "பார்க்காவிட்டால் ஆபத்து" என்று மனம் நம்பிக்கொண்டே போகிறது. பக்கவாத நோயாளி வீட்டில் இருக்கும்போது பார்க்கவே பார்க்காதீர்கள் என்று சொல்வது பைத்தியக்காரத்தனம். இப்படிச் செய்யலாம்: படுக்கும் முன் நிதானமாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாவின் நல்ல கைக்கு எட்டும் இடத்தில் ஒரு அழைப்பு மணியை வையுங்கள். இரவில் மருந்துக்கோ புரட்டிப் படுக்கவைக்கவோ எழ வேண்டும் என்றால் அதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கனவு எழுப்பினால் விளக்கைப் போட்டு, காலைத் தரையில் ஊன்றி, அறையில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். மணி அடித்தால் போங்கள். அடிக்கவில்லை என்றால் போக வேண்டாம்.

போனை இரவில் வேறு அறையில் வைத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போனுக்காக விழித்திருக்கவில்லை, கனவுக்குப் பயந்து போனைப் பிடித்திருக்கிறீர்கள். ஒத்திகை பலன் தர ஆரம்பித்தால் பிடி தானாகத் தளரும். அதுவரை படுக்கும் நேரத்தை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

கணவருக்கு இரண்டு வேலை. முதலாவது, நாலு மணிக்கு நீங்கள் அலறி எழுந்தால் என்ன கனவு என்று கேட்கவும் வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டில்தான் இருக்கே, நான் பக்கத்தில் இருக்கேன்" என்றால் போதும். இரண்டாவது, வாரத்தில் இரண்டு இரவு அம்மாவின் பொறுப்பு அவருடையது. அந்த இரவுகளில் மணி அடித்தால் எழுவது அவர்தான். நீங்கள் முடிந்தால் வேறு அறையில் படுங்கள். இதை உதவியாக நினைத்துச் செய்ய வேண்டாம், சிகிச்சையின் பகுதி என்று நான் எழுதியிருப்பதாகக் காட்டுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

மாத்திரை விஷயத்தை இந்த வாரமே முடியுங்கள். ஒத்திகையை ஒன்றரை மாதம் செய்தும் வாரத்துக்கு மூன்று, நான்கு குறையவில்லை என்றாலோ, பகலில் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வருவதும் பசி குறைவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது எந்தெந்த இரவு கனவு வந்தது, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், திரும்பத் தூங்கினீர்களா என்று குறித்த தாளைக் கையில் கொண்டுபோங்கள். கனவின் கதையை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.